திறமூல உரிம மாற்றமும் சிதறிய பதிப்புரிமையும்: லினக்ஸ், விஎல்சி, டெராஃபார்ம்

பலர் கூடி எழுதிய மென்பொருளின் உரிமத்தைப் பின்னாளில் மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு? பங்களிப்பவர் எழுதிக் கொடுக்காதவரை அவர் இயற்றிய நிரலின் பதிப்புரிமை அவருடையதே. இந்நிலை தடையாகவும் காப்பாகவும் செயற்பட்டதை மூன்று நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1991-இல் வெளிவந்த லினக்ஸ் மையநிரலைப் பணம் பெற்று வழங்கக் கூடாது என்னும் நிபந்தனை முதலில் இருந்தது. 1992 ஜனவரியில் வெளியான 0.12 பதிப்பின் குறிப்பில், அதனை நீக்கிக் குனூ பொதுமக்கள் உரிமத்தை ஏற்க லினஸ் டோர்வால்ட்ஸ் முன்மொழிந்தார். நிரல் எழுதியோரின் இசைவுக்கு அது உட்பட்டிருந்தது. மறுப்புடையோர் மடல் எழுதலாம், இல்லையேல் பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் என்றார். பங்களித்தோர் சிலரே ஆதலின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள இயன்றது.

2007 ஜூன் 29-இல் அவ்வுரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியானது. ‘அல்லது பிந்தைய பதிப்பு’ என்னும் தொடரைக் கொண்டிருந்த மென்பொருள்கள் எளிதில் மாறின. லினக்ஸோ இரண்டாம் பதிப்பை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய விதிகள் சிலவற்றை டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவர் விரும்பியிருந்தாலும், ஆயிரக்கணக்கானோரின் இசைவைப் பெறுவது அரிதாகவே இருந்திருக்கும்.

அரிதாயினும் இயலாததன்று என்பதை விஎல்சி காட்டுகிறது. பிற செயலிகளிலும் எளிதில் பயன்படும் பொருட்டு, அதன் இயக்குபொறி 2011-இலும் கூறுகள் பல 2012-இலும் தளர்வான உரிமத்துக்கு மாறின. இதற்கெனப் பங்களிப்பாளர்களைத் தேடித் தனித்தனியே இசைவு பெற வேண்டியிருந்தது. சில கூறுகள் பழைய உரிமத்திலேயே நின்றன.

இதற்கு மாறாக, 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மை மொசில்லா பொது உரிமத்திலிருந்து, போட்டி வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமத்துக்கு மாற்றியது. பங்களிப்பாளர்கள் முன்னரே ஒப்பமிட்ட உடன்படிக்கை நிறுவனத்துக்கு விரிந்த உரிமை அளித்திருந்தமையால் மீண்டும் இசைவு கோர வேண்டியிருக்கவில்லை. எதிர்த்தோர் பழைய உரிமத்தில் வெளிவந்த நிரலைக்கொண்டு ஓப்பன்டோஃபு என்னும் கிளையைத் தொடங்கினர்.

பதிப்புரிமை சிதறிக் கிடத்தல் நல்ல திருத்தத்தையும் தாமதப்படுத்தும். பொதுவில் விளைந்ததை ஒருவர் தனித்து வேலியிடுவதையும் தடுக்கும். ஆகவே, பின்னாளைய உரிமம் யார் கையில் இருக்கும் என்பதைப் பங்களிப்பாளர் முதல்நாளில் இடும் ஒப்பமே பெரிதும் தீர்மானிக்கிறது எனலாம்.