நான்கு காசு விருந்து

டோக்கியோ மாநகரில், கையைக் கடிக்காத விலையில் நல்ல ஜப்பானிய உணவு உண்ண எந்தக் கடைக்குள் நுழைவது? ஜப்பான் பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ கேட்பார்கள் என்று காத்திருக்கும் எங்களுக்கு முதலில் சற்றே ஏமாற்றமாக இருந்ததுண்டு. ஆனால், இந்தக் கேள்விக்குள் அந்நகரத்து வரலாற்றின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது என்பதை நாங்கள் உணர்ந்துகொண்டது, பொருளிழந்து வருந்திய ஓர் இரவுக்குப் பிறகுதான்!

கல்லூரி விடுமுறையொன்றில் நாங்கள் நால்வர் அங்குச் சென்றிருந்தோம். ஆசிரியர் வருவாயில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். ஒவ்வொரு வேளை உணவுக்கும் இவ்வளவு என்று கணக்கெழுதி வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம். முதல்நாள் மாலை, கின்ஸா பகுதியின் சந்து ஒன்றில், எட்டே இருக்கைகள் கொண்ட சுஷிக் கடை ஒன்று கண்ணில் பட்டது. சிறிய கடை, ஆகவே சிறிய விலை என்பது எங்கள் தருக்கம். சுவரில் தொங்கிய மரப்பலகைகளில் மீன்களின் பெயர்கள் இருந்தன. விலை இருக்க வேண்டிய இடத்திலோ, எல்லாப் பலகைகளிலும் ஒரே இரண்டு எழுத்துகள். உண்டு முடித்தபின் வந்த சீட்டைக் கண்டபோது எங்களுள் மூத்தவருக்கு வியர்த்துவிட்டது. மூன்று நாள் உணவுக்கென ஒதுக்கிய தொகை ஒரே வேளையில் கரைந்திருந்தது. கடைக்காரர் எங்களை ஏமாற்றவில்லை. அவ்விரு எழுத்துகளை 'ஜிக்கா' என்று படிக்க வேண்டும்; 'அன்றைய சந்தை விலை' என்பது அதன் பொருள். எழுதப்படாத விலையைக் கேட்கக் கூச்சப்பட்டது எங்கள் பிழை.

அதன் விளைவாக, மறுநாள் முதல் இரயில் நிலையங்களில் நின்றபடியே உண்ணும் சோபாக் கடைகளில் எங்கள் பொழுது கழிந்தது. (இது நம் வீட்டுக் கூடத்துச் சோபா அன்று, பக்வீட் என்னும் தானிய மாவில் செய்யப்படும் மெல்லிய நூடுல்ஸ்.) தோளோடு தோள் உரசி நின்ற அலுவலர்களும் கட்டடத் தொழிலாளர்களும் ஐந்தே நிமிடங்களில் ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு விரைந்தனர். உணவு எளிமையானது, ஆனால் சுவையில் குறையில்லை. அப்போதுதான் ஓர் ஐயம் எழுந்தது. மலிவான இந்தக் கிண்ணம், உயர்ந்த உணவின் ஏழை நகலா? அல்லது உண்மை நேர்மாறானதா?

விடைதேட, டோக்கியோவுக்கு எடோ என்று பெயரிருந்த காலத்துக்குச் செல்லவேண்டும். 1603இல் தொக்குகாவா இயேயாசு தமது ஆட்சியை அங்கு நிறுவினார். 1635இல், நாட்டின் பிரபுக்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்கவேண்டும் என்பது சட்டமாயிற்று. பிரபு வந்தால் பரிவாரமும் வருமல்லவா? மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்த வீரர்கள், பிழைப்புத் தேடி வந்த தச்சர்கள், கூலிகள் என்று நகரம் ஆண்களால் நிரம்பியது. 1721ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எடோவின் நகரமக்கள் சுமார் 5 லட்சம். அவர்களுள் ஆண்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல்! வீரர்களின் குடும்பங்கள் இந்தக் கணக்கில் சேரா.

இதற்கிடையே தீயும் தன் பங்கை ஆற்றியது. 1657இல் மூண்ட மெய்ரெக்கிப் பெருந்தீயில் நகரின் பாதிக்கு மேல் சாம்பலாயிற்று. மீண்டும் கட்டியெழுப்பத் திரண்ட தொழிலாளர்களுக்குச் சமைத்துப்போட ஆளேது? அசகுசா கோயில் வாயிலருகே, தேநீரில் வேகவைத்த சோறும் சோயாக்கட்டிக் குழம்பும் விற்ற கடைகளே எடோவின் முதல் உணவகங்கள் என்பர். பின்னர்த் தெருவோரத் தள்ளுகடைகள் பெருகின. கொதிக்கும் எண்ணெய் மரவீடுகளுக்கு ஆபத்து என்பதால் தெம்புரா வீட்டுக்கு வெளியே, தள்ளுகடைகளிலேயே வளர்ந்தது. மூங்கில் குச்சியில் குத்திய பொரித்த மீனை நின்றபடி தின்றுவிட்டு நகர்ந்தனர் மக்கள்.

இந்தத் தெருவுணவின் விலையை ஒழுங்குபடுத்தியது ஒரு நாணயம். 1768இல் 'நான்கு மொன்' மதிப்புள்ள பித்தளைக் காசு வெளியாயிற்று. அதன்பின் தெருக்கடைகளின் விலைகள் பெரும்பாலும் நான்கின் மடங்குகளாகவே அமைந்தன. தெம்புராக் குச்சி ஒன்று நான்கு மொன். சுஷித் துண்டு ஒன்று எட்டு மொன். ஒரு கிண்ணம் சோபா பதினாறு மொன். எதை எடுத்தாலும் நான்கு மொன் என்று விற்ற கடைகளுக்கு 'நான்கு காசுக் கடை' என்றே பெயர் வழங்கியது. கையில் எத்தனை காசு, எத்தனை துண்டு தின்னலாம் என்பது எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கும் கடைக்குள் நுழையுமுன்பே தெரியும். கின்ஸாவில் நாங்கள் இழந்தது இந்தத் தெளிவைத்தான்!

சுஷியின் கதை இன்னும் சுவையானது. பழங்காலச் சுஷி என்பது, உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்டது. பிவா ஏரிப் பகுதியில் இன்றும் அவ்வகை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து எடோவில் அவ்வளவு காலம் காத்திருக்க எவருக்குப் பொறுமை? சோற்றில் காடியைக் கலந்து, மேலே மீனை வைத்து, கையால் அழுத்தி உடனே கொடுக்கும் முறை பிறந்தது. 1820களில் ரியோகொக்கு பகுதியில் கடை நடத்திய ஹனயா யொஹெய் என்பவரின் பெயர் இதனுடன் இணைத்துப் பேசப்படுகிறது. இதற்கு உதவிய காடியும் எளியோரின் சரக்கே. 1804இல் ஹண்டா என்னும் ஊரில் நகானோ மதஸயேமொன், சாக்கே மது வடித்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து மலிவான காடி தயாரிக்கத் தொடங்கியிருந்தார்.

மலிவாகப் பிறந்த பொருளுக்கு ஆடம்பரம் வந்து சேர எத்தனை நாளாகும்? சில கடைகளில் ஒரு துண்டு ஐம்பது, அறுபது மொன் வரை ஏறிற்று. அப்போது நிகழ்ந்ததுதான் விந்தை. 1841இல் மிசுனோ தடகுனி தொடங்கிய சிக்கனச் சீர்திருத்தத்தின்போது, விலையுயர்ந்த சுஷி விற்ற இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டுக் கைவிலங்கிடப்பட்டனர்! அதன்பின் எல்லாக் கடைகளும் நான்கு, எட்டு மொன்னுக்கு இறங்கின. சில காலம் சென்றதும் விலை மெல்ல மீண்டும் ஏறிற்று. இச்செய்தியைப் பதிந்து வைத்தவர், அக்கால வாழ்வைக் கண்ணால் கண்டு தொகுத்த கிதகவா மொரிஸாதா. அன்றைக்கு இந்நூலைப் படித்திருந்தால், கின்ஸாக் கடையில் மிசுனோவை ஒரு முறையேனும் நினைத்திருப்போம்.

இன்று பெருமதிப்புப் பெற்ற சூரை மீனுக்கும் இதே கதைதான். பனிக்கட்டி இல்லாத காலத்தில் அது விரைவில் கெடும். சிவந்த சதையைச் சோயா சாஸில் ஊறவைத்து உண்டனர், கொழுப்புமிக்க வயிற்றுப் பகுதியை எவரும் விரும்பவில்லை. அந்த வயிற்றுச் சதைக்குத்தான் இன்று உச்ச விலை. 2018இல் சுகிஜியிலிருந்து தொயொசுவுக்கு இடம்பெயர்ந்த சந்தையின் 2019ஆம் ஆண்டுப் புத்தாண்டு ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரே மீன் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போயிற்று.

ஆயினும், எளியோரின் தட்டு முற்றிலும் மறைந்துவிடவில்லை. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், 1947 ஜூலையில், பெரும்பாலான உணவகங்கள் மூடப்பட்டன. டோக்கியோவின் சுஷிக் கலைஞர்கள் ஒரு வழி கண்டனர். வாடிக்கையாளர் தம் பங்கீட்டு அரிசியில் ஒரு சிறு குவளை கொண்டுவந்தால், கூலி பெற்றுக்கொண்டு பத்துத் துண்டு சுஷி செய்து தருவர். விற்பது உணவன்று, உழைப்பு மட்டுமே என்பது வாதம், அரசும் இசைந்தது. அரிசியைத் துணியில் முடிந்துகொண்டு வரிசையில் நின்றவர்களால்தான் அக்கலை உயிர்பிழைத்தது. 1958இல், ஒசாகாவை அடுத்த ஊரில் ஷிராயிஷி யொஷியாகி, பீர் ஆலையின் ஓடுபட்டையைக் கண்டு, சுஷித் தட்டுகள் தாமே சுற்றிவரும் கடையைத் திறந்தார். தட்டின் எண்ணிக்கையே விலை! நான்கு காசுக் கடையின் மறுபிறப்பு என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

சரி, நண்பர்களின் கேள்விக்கு வருவோம். வெளியே விலை சொல்லும் கடையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே எங்கள் முதல் விடை. பல கடைகளின் கண்ணாடிப் பேழையில் மெழுகாலோ பிளாஸ்டிக்காலோ செய்த உணவு மாதிரிகள் விலைச்சீட்டுடன் வீற்றிருக்கும். இவாசாகி தகிஸோ 1932இல் ஒசாகாவில் ஒரு தொழிலாகவே வளர்த்த கலை இது. மொழி தெரியாதவருக்கு இதைவிடச் சிறந்த பட்டியல் இல்லை. இரண்டாவது, ஒரே பொருளை மட்டும் செய்யும் கடை. சோபா என்றால் சோபா, விலாங்கு என்றால் விலாங்கு. மூன்றாவது, நண்பகல். மாலையில் அஞ்சவைக்கும் கடைகளுள் பல, நண்பகலில் சோறு, சூப்பு, ஊறுகாய் சேர்ந்த 'தெய்ஷொக்கு'வை அலுவலர்களுக்காக ஆயிரம் யென்னையொட்டிய விலையில் தருகின்றன. மாலையில் மதுவகங்களில் கேளாமலே வரும் சிறு கிண்ணத்துக்கும் விலையுண்டு. அது அங்குள்ள வழக்கம், ஏமாற்றன்று.

சைவ நண்பர்களுக்கு ஒரு சொல். காய்கறி மட்டுமே தெரியும் கிண்ணத்திலும், சோபாவின் சாற்றிலும், நம்மூர் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவான உலர்ந்த சூரை பெரும்பாலும் கரைந்திருக்கும். கேட்டுத் தெளிவது நன்று. எங்களுள் சைவரான ஒருவர் நான்காம் நாள்தான் இதை அறிந்தார். அவர் முகத்தை இங்கு வருணிக்க வேண்டாம்.

கடைசி இரவு, எஞ்சிய பணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மூவர் மட்டும் அசகுசாவையடுத்த கொமகதா தொஜோ என்னும் கடைக்குச் சென்றோம். 1801இல் தொடங்கியது. நம் அயிரையின் இனத்தைச் சேர்ந்த மீனைத் தட்டையான இரும்புச் சட்டியில், கரியடுப்பின்மேல் வைத்து, வெங்காயத்தாளைக் குவித்துத் தருகிறார்கள். 1923 நிலநடுக்கத்திலும் போரிலும் எரிந்து, மீண்டும் எழுந்த கடை. கூடத்தில் தனித்தனி மேசைகள் இல்லை. தரையில் கிடத்திய நீண்ட பலகைகளின் இருபுறமும் அறியாதவர்கள் அருகருகே அமர்ந்து உண்கின்றனர். விலை பட்டியலில் தெளிவாக இருந்தது. எதிரே இருந்த முதியவர், எங்கள் சட்டியில் வெங்காயத்தாள் குறைந்ததைக் கண்டு, தம் பக்கத்துப் பெட்டியை ஒரு சொல்லும் பேசாமல் எங்கள் பக்கம் தள்ளினார்.

நடுத்தர விலைக் கடை என்பது, பெரிய கடைக்குப் போக இயலாதவனின் மாற்று ஏற்பாடு என்றே அதுவரை எண்ணியிருந்தோம். வரலாறு வேறு சொல்கிறது. அவ்வுணவு பிறந்ததே, பையில் நான்கு காசோடு வீடு திரும்பும் தச்சனுக்காக. விலையை வாசலிலேயே சொல்லும் கடை, அவனைக் கூச்சமின்றி உள்ளே அழைக்கிறது. அந்த அழைப்பு எங்கே தெரிகிறதோ, அங்கே நுழையுங்கள்.