எஃபிங்ஹாம் தோட்டமும் பெட்டாலிங் ஜெயாவும்: ஒரு பழைய நிலவரைபடம்



மலாயா நில அளவைத் துறை அக்காலத்தில் வெளியிட்ட இடவிளக்க வரைபடங்கள், ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்னும் அளவில் அமைந்தவை. (மெட்ரிக் முறையில் வளர்ந்த நம் மாணவர்களுக்கு 1:63,360 என்று விளக்க வேண்டியிருக்கும்.) ஆறு, இருப்புப்பாதை, சம உயரக் கோடு, தோட்டப் பெயர் என அனைத்தும் அவற்றில் உண்டு. 1952-க்கு முந்திய தாளொன்றில் கோலாலம்பூருக்குத் தென்மேற்கே தேடினால், பெட்டாலிங் ஜெயா கிட்டாது. அங்கிருந்தது எஃபிங்ஹாம் என்னும் இரப்பர்த் தோட்டம்.

அவசரகாலத்தில், கோலாலம்பூரின் புறம்போக்கு நிலங்களில் வாழ்ந்தோரைக் குடியமர்த்த அத்தோட்டத்தின் 1,200 ஏக்கர் தெரிவு செய்யப்பட்டது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர் ஆதலால், வரைபடத்தில் அந்நிலம் இரண்டு சதுர அங்குலத்திற்கும் குறைவு. ஒரு தீப்பெட்டியின் பரப்புக்குள் அடங்கிவிடும்! இக்கணக்கை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். கணிதமும் வரலாறும் ஒரே பாடத்தில் முடிந்துவிடும்.

முன்னோடித் தொழில்களுக்கு வரிச்சலுகை அளிக்கும் சட்டம் 1958-இல் வந்தது. அதன்பின் ஆலைகள் பெருகின. பிற்காலத் தாள்களில் கூட்டரசு நெடுஞ்சாலை நகரை ஊடறுத்துச் செல்கிறது. பிரிவு 13, 19, 51 ஆகியன தொழிற்பேட்டைகளாக விளங்கின. இன்று பிரிவு 13-இல் பல ஆலைகள் மறைந்து, அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. பழைய தாளில் இயல்பாக வளைந்தோடும் பெஞ்சாலா ஆறு, இப்போது பல இடங்களில் சிமெண்டுக் கால்வாய்.

என்னை உறுத்துவது வேறொன்று. தோட்டத்திற்குப் பெயர் இருந்தது; அதன்மீது எழுந்த நகரில் பெரும்பாலும் எண்களே உள்ளன. பெயர் இருந்த காலத்திலும், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம்மவரை வரைபடம் காட்டவில்லை. தோட்டத்து லயங்கள் அதற்கு வெறும் கறுப்புப் புள்ளிகள். அங்கே வாழ்ந்தோர் யார், பின்னர் எங்கே சென்றனர் என்பதை முதியோரிடம்தான் கேட்டறிய வேண்டும். பெற்றோர்களே, தாத்தா பாட்டி இருக்கும்போதே பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், லயத்தின் இடம், நீர் எடுத்த ஆறு ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்தாலே போதும்.

எஃபிங்ஹாம் என்னும் பெயர் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பண்டார் உத்தாமாவில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெயர்ப்பலகையில் அது இன்றும் இருக்கிறது.