டவுன் சிண்ட்ரோமும் பாரிசவாதமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோயின் ஆபத்து முன்கூட்டியே ஆராயப்படுவதற்கு, அவ்வாபத்துக்கு உள்ளாகக்கூடியவரின் வாழ்வு பேணத்தக்கது என்னும் எண்ணம் முதலில் நிலைபெற்றிருத்தல் வேண்டும். இதனை மருத்துவ வரலாற்றில் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று, டவுன் சிண்ட்ரோம் உடையோரிடத்துப் பாரிசவாத ஆபத்தை இனங்காணும் முயற்சியாகும். இம்முயற்சி மிகப் பிந்தியே தோன்றியது. கருவிகள் இல்லாமை மட்டும் அதற்குக் காரணமன்று.

1866ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஏள்ஸ்வூட் இல்லத்தில் மருத்துவ அதிகாரியாகவிருந்த ஜோன் லங்டன் டவுன், அங்கு வாழ்ந்தோர் சிலரிடம் காணப்பட்ட பொதுவான முகத்தோற்றத்தையும் உடலியல்புகளையும் விபரித்தார். அவரது அவதானிப்பு நுண்மையானது. ஆயின், அவர் அவர்களை மொங்கோலிய இனத்தின் பெயரால் வகைப்படுத்தியமை அக்கால ஐரோப்பாவின் இனக்கோட்பாட்டிலிருந்து பிறந்த பிழையாகும். 1959இல் லெஜூன், கோத்தியே, துர்பின் ஆகியோர் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகுதியாக இருத்தலே இந்நிலைக்குக் காரணமெனப் பாரிசில் நிறுவியதும் அவ்வகைப்பாடு அடிப்படையற்றதாயிற்று. 1961இல் அறிஞர் பத்தொன்பதின்மர் 'லான்செற்' சஞ்சிகை வாயிலாகப் பெயர்மாற்றம் கோரினர். மொங்கோலிய மக்கள் குடியரசின் வேண்டுகோளையடுத்து 1965இல் உலக சுகாதார நிறுவனமும் பழைய பெயரைக் கைவிட்டது.

பெயர் மாறிய அளவு விரைவாக நடைமுறை மாறவில்லை. 1929இல் இவர்களது சராசரி ஆயுள் 9 ஆண்டுகளெனவும் 1949இல் 12 ஆண்டுகளெனவும் கணிக்கப்பட்டது. பிறப்பிலேயே அமைந்த இருதயக் குறைபாடு இக்குறுகிய ஆயுளுக்கு ஒரு முக்கிய காரணமாகும். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் இக்குறைபாடு காணப்படுகின்றது. 1953இல் இருதய-சுவாச இயந்திரத்தின் துணையுடன் முதன்முதலாகத் திறந்த இருதயச் சத்திரசிகிச்சை வெற்றியாக நிகழ்ந்தது. ஆயினும் அதன்பின் பல தசாப்தங்கள் வரை, அறிவுவளர்ச்சிக் குறைபாட்டைக் காரணங்காட்டி இக்குழந்தைகளுக்கு அச்சிகிச்சை மறுக்கப்படுதல் அரிதன்று.

இம்மறுப்புக்கும் பாரிசவாதத்துக்கும் நேரடித் தொடர்புண்டு. இருதயச் சுவரிலுள்ள துவாரம் மூடப்படாதவிடத்து, நுரையீரலின் குருதியமுக்கம் காலப்போக்கில் உயர்ந்து, குருதியின் ஓட்டம் திசைமாறுகின்றது. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குருதிக்கட்டி அத்துவாரத்தினூடாகச் சென்று மூளையை அடைதல் கூடும். ஒட்சிசன் குறைவை ஈடுசெய்யச் செங்கலங்கள் பெருகுவதனாற் குருதியும் தடிப்படைகின்றது. எனவே அந்நோயாளரிடம் காணப்பட்ட பாரிசவாத ஆபத்து முழுவதையும் இயற்கையின் மீது சுமத்துதல் பொருந்தாது. அதன் ஒரு பகுதி சமூகத்தின் தீர்மானத்தால் விளைந்ததாகும்.

இவ்வரலாற்றில் 1977ஆம் ஆண்டு கவனத்துக்குரியது. அவ்வாண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, டவுன் சிண்ட்ரோம் உடையோரின் சடலப் பரிசோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, அவர்களது நாடிகள் கொழுப்புத் தடிப்பற்றவையோ என வினவிற்று. அதே ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகையொன்று, டவுன் சிண்ட்ரோம் உடைய ஒரு பிள்ளைக்குத் திடீரென ஒருபக்க வாதமும் பார்வையிழப்பும் ஏற்பட்டமையை வெளியிட்டது. காரணம் மொயமொயா எனும் நோயாகும். மூளைக்குச் செல்லும் பெருநாடிகள் படிப்படியாக ஒடுங்க, அவற்றிற்கு ஈடாக நுண்ணிய குருதிக்கலன்கள் தோன்றுகின்றன. படத்தில் அவை புகைப்படலம் போலத் தெரிவதால் 1969இல் சுசுகி, தகாகு எனும் யப்பானிய அறிஞர் இப்பெயரை வழங்கினர். இவ்விரு கட்டுரைகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. பொதுமக்களைத் தாக்கும் பாதையால் வராத நோய் வேறொரு பாதையால் வரலாம் என்பதையே இரண்டும் சேர்த்து உணர்த்துகின்றன.

மூன்றாவது பாதையொன்றும் பின்னர் புலனாயிற்று. 1984இல் கிளெனர், வொங் ஆகியோர் அல்சைமர் நோயாளரின் மூளைக் குருதிக்கலன்களிற் படியும் அமிலோயிட்டுப் புரதமே டவுன் சிண்ட்ரோம் உடையோரிடத்தும் படிவதைக் காட்டினர். அதன் மூலப்புரதத்துக்குரிய பரம்பரையலகு 21ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளமை 1987இல் அறியப்பட்டது. இப்படிவு குருதிக்கலனின் சுவரை நலிவுறச் செய்து மூளையிற் குருதிப்பெருக்கை ஏற்படுத்தவல்லது. ஆயுள் நீடித்தமையாலேயே இவ்வாபத்து முக்கியத்துவம் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் இவர்களது இறப்பின் இடைநிலை வயது 1983இல் 25 ஆகவிருந்து, 1997இல் 49 ஆக உயர்ந்தது.

2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் டவுன் சிண்ட்ரோம் உடைய வளர்ந்தோருக்கான வழிகாட்டி வெளியாயிற்று. பிறவி இருதயக் குறைபாட்டு வரலாறு உடையோரைக் காலத்துக்குக் காலம் இருதயப் பரிசோதனைக்கு உட்படுத்துமாறு அது விதந்துரைத்தது. குருதிக்கட்டி இருதயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் ஆபத்தே இதற்குக் கூறப்பட்ட காரணமாகும். ஏனைய பாரிசவாத ஆபத்துக்காரணிகளைப் பொறுத்தவரை பொதுமக்களுக்குரிய நெறிகளையே பின்பற்றுமாறு அது கூறிற்று. இங்குதான் ஒரு சிக்கல் எழுகின்றது. பொதுவான ஆபத்துக் கணிப்பான்கள் வயது, குருதியமுக்கம், கொலஸ்திரோல், புகைத்தல் முதலியவற்றையே அளவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் உடையோரிடம் குருதியமுக்கம் பொதுவாகத் தாழ்ந்தே காணப்படும். ஆகவே கணிப்பான் அவரை ஆபத்துக் குறைந்தவராகக் காட்டும் அதேவேளை, மொயமொயாவோ அமிலோயிட்டுப் படிவோ அதன் கண்ணுக்குத் தென்படாதிருக்கலாம். மேலும், கையின் தளர்ச்சியையோ பேச்சின் குழறலையோ தாமே எடுத்துரைக்க இயலாதவரிடத்து, 'அவர் இயல்பே அவ்வாறு' எனப் புதிய அறிகுறியைப் பழைய குறைபாட்டின் கணக்கிற் சேர்த்துவிடும் வழக்கமும் தடையாகின்றது.

1866இல் முகத்தைக் கொண்டு மனிதரை வகுத்த பிழையும், பிறர்க்கென அமைந்த அளவுகோலால் இவர்களது ஆபத்தை அளக்கும் குறையும் ஒரே தன்மையன அல்ல. எனினும் இரண்டிற்கும் அடிப்படை, எதிரே நிற்பவரை அவராகவே நோக்கத் தவறியமையாகும். குருதிக்கலன்களை ஊடுருவிப் பார்க்கும் கருவிகள் இன்று உண்டு. அவரது இருதய வரலாற்றை அறிந்து, நேற்று இயன்ற செயல் இன்று ஏன் இயலவில்லை என வினவும் மருத்துவரும் உறவினரும் உள்ளவிடத்தே அக்கருவிகள் பயன் தரும்.