பனி விட்டுச்சென்ற மேடுகளும் மிதிவண்டித் தடங்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கெட்டில் மொரைன் வனத்தில் மிதிவண்டி ஓட்டுவோர்க்கு ஏற்றமும் இறக்கமும் ஓய்வதில்லை. அதன் காரணம் இறுதிப் பனியூழியில் உள்ளது. கிரீன் பே, மிச்சிகன் ஏரி என்னும் இரு பனிநாக்குகள் இங்கே நெருங்கி நின்றன. அவற்றிடையே குவிந்த மணலும் சரளையும் மேடுகளாயின. புதையுண்ட பனிப்பாளங்கள் உருகிய இடங்கள் கொப்பரை போன்ற பள்ளங்களாயின. 1878ஆம் ஆண்டிலேயே புவியியலாளர் டி. சி. சேம்பர்லின் இம்மேட்டுத் தொடரின் பொருளை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

சமவெளியை உழுத குடியேறிகளுக்குச் செங்குத்தான இச்சரளை நிலம் அவ்வளவாகப் பயன்படவில்லை. 1937இல் இது மாநில வனமாயிற்று. 1980இல் தேசியத் தகுதி பெற்ற பனியூழிப் பாதை நடப்போர்க்கு உரியது. மிதிவண்டிகளுக்குத் தனித் தடங்கள் உண்டு. அவற்றுள் ஒரு தொகுதி, விஸ்கான்சினில் இளமையைக் கழித்த இயற்கையியலாளர் ஜான் மியூரின் பெயர் தாங்கியது.

இப்பிரிவினையை மிதிவண்டியின் மீதான வெறுப்பு எனக் கொள்ளலாகாது. ஈரச் சரிவில் சக்கரம் கீறிய வடுவை அடுத்த மழை ஓடையாக்கும். மேடுகளே பனியூழியின் ஆவணம். அரித்துப்போனால் அவற்றை மீண்டும் எழுத அப்பனி வரப்போவதில்லை.