கடன் மறியலிலிருந்து கடன் விடுதலை வரை



ஊரிலை வருசப்பிறப்பெண்டால் மருத்துநீர் வைச்சுக் குளிச்சு, புது உடுப்புப் போட்டு, பெரியாக்களிட்டைக் கைவிசேடம் வாங்குவோம். கடைக்காரர் நல்ல நேரம் பார்த்துப் புதுக்கணக்குத் திறப்பார்கள். பழைய கொப்பியில் நிலுவை உள்ளவர்கள் மட்டும் அண்டைக்குக் கடைவாசலைத் தவிர்த்து மற்றப் பக்கத்தாலை போவார்கள். கணக்கும் கடனும் வருசப்பிறப்போடு ஒட்டின விசயங்கள் எண்டபடியால், இந்த மலரில் கடனைப் பற்றி எழுதுவது பொருத்தம் எண்டு நினைக்கிறேன்.

நான் சட்டம் படிச்சவன் அல்ல. ஏ.எல். வரை படிச்சுப்போட்டு இங்கை பக்டறியில் இரவு வேலை செய்யிறவன். ஆனால் சரித்திரப் புத்தகம் கண்டால் விடமாட்டேன். இங்கிலாந்தின் கடன் சட்டத்தைத் தேடி வாசிக்க வைச்சது எங்கட சனத்தின்ரை பயம்தான். கிறெடிற் கார்ட், லோன், சீட்டு, ஏஜென்சிக்குக் கட்டின காசு எண்டு கழுத்துவரை கடன். கடிதம் வந்தால் உடைக்கிறதில்லை. "பொலிஸ் வருமோ? மறியலிலை போடுவாங்களோ? திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?" எண்டு கேட்கினம். மறியல் பற்றின பயம் இந்த நாட்டில் ஒரு காலத்தில் உண்மையான பயம்தான். அது எப்படி முடிவுக்கு வந்தது எண்டதுதான் இந்தக் கட்டுரை.

காதை அறுத்த சட்டம்

இங்கிலாந்தின் முதலாவது வங்குரோத்துச் சட்டம் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1542 இல் வந்தது. கடன் பட்டவருக்கு உதவ வந்த சட்டமல்ல அது. கடன் குடுத்தவருக்காக வந்தது. பிறத்தியாரின் பொருளைக் கடனுக்கு வாங்கிப்போட்டு ஒளிச்சுத் திரியிறவரை அது குற்றவாளியாகவே பார்த்தது. அவரின் சொத்தை எடுத்து வித்து, கடன் குடுத்தவர்களுக்குப் பங்குக்கேற்பப் பிரிக்கலாம். ஆனால் மிச்சக் கடன் அவரை விட்டுப் போகாது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் இன்னும் கடுமை. பொய்ச் சத்தியம் செய்து சொத்தை மறைச்ச வங்குரோத்துக்காரரைப் பலர் பார்க்க மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தி, ஒரு காதை அறுக்கவும் சட்டம் இடம் குடுத்தது.

முதல் வெளிச்சம் 1705 இல், ஆன் மகாராணியார் காலத்தில் தெரிஞ்சது. சொத்தெல்லாத்தையும் ஒளிக்காமல் ஒப்படைச்சு ஒத்துழைக்கும் வியாபாரிக்கு, மிச்சக் கடனிலிருந்து விடுதலை குடுக்கலாம் எண்டு அந்த வருசச் சட்டம் சொன்னது. இதுக்காக எழுதி வாதாடினவர்களில் ஒருவர் டானியல் டீபோ. றொபின்சன் குறூசோ கதையை எழுதினவர்தான். அவரே 1692 இல் ஏறக்குறைய 17,000 பவுண் கடனோடு வங்குரோத்தானவர். அந்தக் காலத்தில் அது மலை போன்ற தொகை.

ஆனால் அதே சட்டம் சொத்தை மறைச்சு மோசடி செய்தவருக்கு மரண தண்டனையும் வைச்சது. 1761 இல் ஜோன் பெரட் எண்ட லண்டன் வியாபாரி இதற்காகத் தூக்கிலிடப்பட்டார்.

இன்னொரு அநியாயமும் இருந்தது. இந்த விடுதலை வியாபாரிகளுக்கு மட்டும்தான். எழுதுவினைஞர், கூலியாள் போன்றவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. அவர்களுக்கு இருந்தது மறியல்.

மாசல்சீயின் மதில்

கடன் குடுத்தவர் நினைச்சால் கடன் பட்டவரைப் பிடிச்சு அடைக்கலாம். கடனைக் கட்டும்வரை அல்லது கடன் குடுத்தவர் மனம் இரங்கும்வரை உள்ளேதான். அடைபட்டவர் எப்படி உழைச்சுக் கட்டுவது? அதை ஒருவரும் யோசிக்கவில்லை. அதற்கு மேலே மறியலில் இருக்கிற அறைக்கும் வாடகை கட்டவேணும். காசு உள்ளவர் நல்ல அறையில் இருப்பார். இல்லாதவர் நெருக்கடியான பக்கத்தில் பசியோடு கிடப்பார். லண்டன் பிளீற் மறியலில், தெருப்பக்கக் கம்பிக்குள்ளாலை கையை நீட்டிப் பிச்சை கேட்பார்கள்.

றொபேட் காஸ்ரெல் எண்ட கட்டிடக் கலைஞர் கடனுக்காகப் பிளீற்றில் அடைபட்டு, சிறை அதிகாரி கேட்ட காசைக் குடுக்க முடியாமல், அம்மை நோய் இருந்த வீட்டில் வைக்கப்பட்டு இறந்து போனார். அவரின் நண்பரான ஜேம்ஸ் ஓகிள்தோப் எண்ட பாராளுமன்ற உறுப்பினர் சும்மா இருக்கவில்லை. 1729 இல் அவர் தலைமையில் பாராளுமன்றக் குழு ஒன்று மறியல்களுக்குள் போய்ப் பார்த்தது. சதேர்க்கிலிருந்த மாசல்சீ மறியலில் மூன்று மாதத்துக்குள் 300 பேர் பட்டினியால் செத்ததாக அந்தக் குழு அறிக்கை குடுத்தது.

மாசல்சீயில் அடைபட்ட ஒரு தகப்பனின் கதை உலகத்துக்கே தெரியும். ஜோன் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பளக் கந்தோரில் எழுதுவினைஞர். 1824 பெப்ரவரியில், பாண் வேக்கரிக்காரருக்குக் குடுக்கவேண்டிய 40 பவுண் 10 சிலிங்குக்காக அவரைப் பிடிச்சு அடைச்சார்கள். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் அவரோடை மறியலுக்குள்ளேயே போய்க் குடியிருந்தார்கள். 12 வயது மகன் சார்ள்ஸ் சப்பாத்து மை செய்யும் பக்டறியில் போத்தலுக்கு லேபல் ஒட்டினான். சம்பளம் கிழமைக்கு ஆறு சிலிங். அந்தப் பொடியன்தான் பிறகு பெரிய எழுத்தாளரான சார்ள்ஸ் டிக்கன்ஸ். பக்டறியில் நிண்டு லேபல் ஒட்டுற வேலை எப்படியிருக்கும் எண்டு எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

ஜோன் டிக்கன்ஸ் ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெளியே வந்தார். கடனிறுக்க முடியாத ஆக்களுக்காக 1813 இல் ஏற்பட்ட சட்டமும் கோடும் அதுக்கு வழி விட்டன. ஒரு நிபந்தனை: குடும்பத்தின் உடுப்பும் சொந்தப் பாவனைச் சாமான்களும் 20 பவுணுக்கு மேல் பெறுமதியாக இருக்கப்படாது. சிறுவன் சார்ள்சையும் மதிப்புப் போடுற அதிகாரிக்கு முன்னால் நிற்பாட்டினார்கள். பொக்கற்றுக்குள் கிடந்த வெள்ளி மணிக்கூடு சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துவிடுமோ எண்டு அவன் பயந்தானாம். பெரியவனான பிறகு அவர் சொன்ன கதை இது.

மாசல்சீ 1842 இல் மூடப்பட்டது. அதன் மதிலில் ஒரு துண்டு இப்பவும் பறோ ஸ்ரேசனுக்குக் கிட்ட, புனித ஜோர்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். உயரமான வெறும் செங்கல் மதில். இந்தப் பக்கம் சனம் சிரிச்சுப் பேசிக்கொண்டு போகுது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய்ப் பாருங்கோ.

மறியல் முடிந்த கதை

1861 இல் வியாபாரி அல்லாதவருக்கும் வங்குரோத்துச் சட்டத்தின் கதவு திறந்தது. 1869 ஆம் ஆண்டின் சட்டம், கடனுக்காக மறியல் போடுறதைப் பெரும்பாலும் நிறுத்தியது. வசதியிருந்தும் கோட்டுக் கட்டளைப்படி கட்டாதவர் போன்ற சிலருக்கு மட்டும் அது மிஞ்சியிருந்தது. அந்த மிச்சத்தையும் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் துடைச்சுவிட்டது. 1883 இல் ஜோசப் சேம்பர்லைன் கொண்டுவந்த சட்டத்தாலை, வங்குரோத்தை நேர்மையாக நடத்துவதற்கு ஒபிசியல் றிசீவர் எண்ட அரசாங்க அதிகாரிகள் வந்தார்கள். 50 பவுணுக்கு உட்பட்ட சின்னக் கடன்காரர் கோடு மூலம் தவணை முறையில் கட்டவும் அதே சட்டம் வழி செய்தது.

இந்த நேரம் எங்கட ஊரில் என்ன நடந்தது? ஆங்கிலேயர் 1853 இல் இலங்கைக்கும் ஒரு வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் ஊர்ச் சனத்தின் கடன் அந்தச் சட்டத்தாலை ஓடவில்லை. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையில் ஒற்றி பற்றிச் சொல்லியிருக்கிறது. கடன் குடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார். முதலைக் குடுத்தால் காணி திரும்பும். காணியை ஒற்றி வைக்கிறது, நகையை அடைவு வைக்கிறது, மாமன் மச்சானிட்டைக் கைமாற்று வாங்கிறது: இதுகள்தான் எங்களுக்குத் தெரிஞ்ச வழிகள். கடனைச் சட்டம் மன்னிக்கும் எண்ட எண்ணம் எங்கட பழக்கத்தில் இல்லை. இங்கை வந்த எங்களிட்டைக் காணியும் இல்லை, இனசனமும் நாலு நாட்டில் சிதறிக் கிடக்குது. பழைய வழி அடைபட்டுப் போச்சுது. புது வழி இருக்கிறது எண்டு சொல்ல ஆளில்லை. எங்கட ஆக்கள் கடிதத்தை உடைக்காமல் வைச்சிருக்கிறதின் காரணம் இதுதான் எண்டு நினைக்கிறேன்.

இப்ப உள்ள கதவுகள்

இங்கை சொல்லுறது இங்கிலாந்து, வேல்ஸ் பற்றியது. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு சட்டம்.

1986 ஆம் ஆண்டின் சட்டம், கடன் குடுத்தவர்களோடை ஒப்பந்தம் செய்து மாதாமாதம் கட்டுற ஐ.வி.ஏ. முறையைக் கொண்டுவந்தது. பொதுவாக ஐந்தாறு வருசம் கட்டவேண்டி வரும். ஒழுங்கான வருமானம் உள்ளவருக்குத்தான் அது சரி. விளம்பரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டாம்.

வங்குரோத்து 2004 ஏப்ரலில் இருந்து வழமையாக ஒரு வருசத்தில் முடியும். 2016 இல் இருந்து தானாக விண்ணப்பிக்கிறவர் கோட்டுக்குப் போகத் தேவையில்லை, இன்ரர்நெற்றில் செய்யலாம். அந்த வருசம் கட்டணம் 680 பவுணாக வந்தது. வீடு இருந்தால் அது பறிபோகக் கூடும், யோசிச்சுச் செய்யவேணும்.

அந்தக் கட்டணத்தைக் கட்டவும் வழியில்லாதவர்களுக்காக 2009 ஏப்ரலில் வந்ததுதான் டி.ஆர்.ஓ. எண்ட கடன் நிவாரணக் கட்டளை. தொடக்கத்தில் 15,000 பவுண் வரையான கடனுக்குத்தான். 2024 ஏப்ரலில் அதன் 90 பவுண் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2024 ஜூன் 28 முதல் எல்லை 50,000 பவுண். சொந்த வீடு இருக்கப்படாது. சொத்து 2,000 பவுணுக்கு மேல் இருக்கப்படாது, காரை 4,000 பவுண் வரை தனியாக விடுவார்கள். செலவு போக மாதம் மிஞ்சிறது 75 பவுணுக்கு மேல் இருக்கப்படாது. பன்னிரண்டு மாதம் கடன் குடுத்தவர் தொடமுடியாது, பிறகு அந்தக் கடன்கள் இல்லாமல் போகும். சிறுவன் சார்ள்ஸ் காலத்து 20 பவுண் கணக்கின் பேரப்பிள்ளை இது எண்டு சொல்லலாம். கோட்டுக் குற்றப்பணம், பிள்ளைச் செலவுக் காசு, ஸ்ருடன்ற் லோன் என்பன இதில் தீராது.

2021 மே மாதம் தொடக்கம், கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் மூச்சு விடுற காலம் எடுக்கலாம். அந்த நாட்களில் பெரும்பாலான வட்டியும் பெயிலிவ் வருகையும் நிற்கும். நடப்பு வாடகையையும் பில்லையும் கட்டிக்கொண்டு வரவேணும். கவுன்சில் வரியை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். அதை வேணுமெண்டு கட்டாதவரை மறியலுக்கு அனுப்பும் அதிகாரத்தை வேல்ஸ் 2019 இல் நீக்கியது. இங்கிலாந்தில் அது அதுக்குப் பிறகும் இருந்தது. ஆகவே அந்தக் கடிதத்தை முதலில் உடையுங்கோ.

ஆரிட்டைக் கேட்கிறது?

இரண்டாம் உலக யுத்தம் பிரகடனம் செய்த அடுத்த நாள், 1939 செப்ரெம்பர் 4 இல், இந்த நாட்டில் முதலாவது சிற்றிசன்ஸ் அட்வைஸ் கந்தோர்கள் திறந்தன. யுத்தத்தாலை குழம்பின சனத்துக்காகத் தொடங்கின இடம் எண்டபடியால், யுத்தத்தாலை வந்த நாங்கள் அங்கை போகக் கூச்சப்படத் தேவையில்லை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தாலை ஏழைகளுக்கு லீகல் எய்ட் வந்தது. 2013 ஏப்ரலில் கடன் விசயங்களைப் பெரும்பாலும் அதிலிருந்து வெட்டிப் போட்டார்கள். வீடு பறிபோகிற நிலையில் உள்ளவர்கள் இப்பவும் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கவேணும். சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஸ்ரெப்சேஞ்ச், நஷனல் டெட்லைன் மூன்றும் காசில்லாமல் ஆலோசனை சொல்லுவினம். டி.ஆர்.ஓ.வை நீங்களாகப் போட ஏலாது, அனுமதி பெற்ற ஆலோசகர் மூலமாகத்தான் போடவேணும்.

எங்கட ஆக்களுக்கு மூண்டு விசயம். ஒண்டு, சீட்டுக் காசும் சிநேகிதரிட்டை வாங்கினதும் கடன்தான். ஒளிக்காமல் எல்லாத்தையும் ஆலோசகருக்குச் சொல்லவேணும். சொந்தக்காரருக்கு மட்டும் முதலில் கட்டிப்போட்டுப் போனால் பிறகு பிரச்சினை வரும். 1705 இல் இருந்து இண்டைக்கு வரைக்கும் ஒளிக்காதவனுக்குத்தான் இந்தச் சட்டம் கதவு திறந்தது. இரண்டு, பாஸ்போட்டையும் பாங்க் கார்டையும் பிடிச்சு வைச்சுக்கொண்டு வட்டிக்கு விடுறவர் அனுமதியில்லாமல் அதைத் தொழிலாகச் செய்தால், குற்றம் அவரில்தான், வாங்கினவரில் இல்லை. மூண்டு, விசா அல்லது குடியுரிமை விண்ணப்பம் உள்ளவர்கள் குடிவரவுச் சொலிசிற்றரிட்டையும் ஒருக்கால் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.

என்னோடை வேலை செய்த ஒருவர் கடிதங்களை அரிசிப் பையுக்குள் போட்டு வைச்சிருந்தார், மனுசிக்கும் தெரியாது. கடைசியில் ஆலோசகருக்கு முன்னால் பையைக் கவிட்டபோது, அரைவாசிக் கடிதம் ஒரே கடனைப் பற்றினது. கடனை வாங்கி வாங்கி வித்த கொம்பனிகள் மாறி மாறி எழுதினவை. அவர் நினைச்ச தொகையில் பாதிதான் உண்மையான கடன். மூண்டு வருசம் நித்திரை இல்லாமல் இருந்தது இல்லாத கடனுக்கும் சேர்த்துத்தான்.

கடனைத் திருப்பிக் குடுக்கிறது நல்ல குணம். குடுக்கக் கூடியவர் குடுக்கத்தான் வேணும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குடுக்கவே முடியாமல் விழுந்தவரை மறியலில் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு விளங்க இந்த நாட்டுக்கு 1542 இல் இருந்து 1869 வரை, முந்நூறு வருசத்துக்கு மேல் எடுத்தது. எங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. உங்கட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உடைக்காத கடிதம் இருந்தால், வருசப்பிறப்பு முடிஞ்ச முதல் திங்கட்கிழமை அதை உடைச்சு, ஆலோசனைக் கந்தோருக்கு ஒரு ரெலிபோன் எடுங்கோ. இங்கிலிஷ் பேசக் கூச்சமெண்டால் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ, அல்லது எங்கட சங்கத்தில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கோ.