ஆய்வகத்துக்கும் மாணவருக்கும் இடையிலான தொலைவு: மும்பை அனுபவம்

தாராவியிலிருந்து மாட்டுங்கா நடந்து செல்லும் தூரம்தான். வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும், 1933-இல் மும்பைப் பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றிய வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் மாட்டுங்காவில் உள்ளன. ஆயினும் அருகில் இருப்பதனாலேயே ஓர் ஆய்வகம் எல்லா மாணவருக்கும் எட்டிவிடுவதில்லை. அந்த இடைவெளியை இணையம் நிரப்பும் என்பது இன்றைய நம்பிக்கை. அதன் வரலாற்றைச் சற்றே கூர்ந்து நோக்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாடு. தொலைநிலை ஆய்வகத்தில் உண்மையான கருவி ஓரிடத்தில் இருக்கும். மாணவர் வேறிடத்திலிருந்து அதனை இயக்குவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1998-இல் குறைகடத்திக் கருவிகளை இவ்வாறு இணையவழி அளக்கச் செய்தது. மும்பை பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யும் வெப்பச் சுருள், விசிறி, வெப்ப உணரி ஆகியவை கொண்ட ஓர் எளிய அமைப்பைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதியை உருவாக்கியது. ஆனால் இவை கல்லூரி மாணவருக்கானவை.

பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. மும்பை சி-டாக் நிறுவனமும் அமிர்தா விசுவ வித்யாபீடமும் இணைந்து உருவாக்கிய 'ஓலேப்ஸ்', 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய செய்முறைகளைத் திரையில் நிகழ்த்திக் காட்டுகிறது. இது பாவனை ஆய்வகம். திரையில் ஆடும் ஊசல் எழுதிவைத்த சமன்பாட்டின்படியே ஆடும். உண்மை ஊசலின் அலைவுநேரமோ ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சிறிது மாறும். அம்மாற்றத்துக்குக் காரணம் தேடுவதே அறிவியலின் முதற்பாடம். பாவனை அமிலம் கையைச் சுடாது, செலவும் வைக்காது. ஆனால் எதிர்பாராத விடை எதனையும் தராது.

இணையத்துக்கு முன்பே இந்நகரம் இச்சிக்கலைக் கண்டது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களும் பங்கேற்றனர். மலிவான பொருள்களைக் கொண்டு கிராமத்துக் குழந்தைகளே அங்குச் சோதனை செய்தனர். 1974-இல் அதே நிறுவனத்தின்கீழ் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் உருவாயிற்று. செம்பூரைக் கடந்து செல்லும் வி.என்.புரவ் சாலையில், மான்குர்தில் அது இன்று இயங்குகிறது.

அம்மையத்தின் வி.ஜி.குல்கர்னியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்ற பட்டியல் சாதி மாணவரிடையே பணியாற்றினர். பாடநூலின் மொழியே அறிவியல் கற்றலுக்குப் பெருந்தடை என்பதை அவர்களுடைய ஆய்வு காட்டியது. மொழியை எளிமையாக்கியபோது மாணவரின் தேர்ச்சி உயர்ந்தது.

மொழியியல் நோக்கில் இதற்கு எளிய சான்று உண்டு. தலையில் மூட்டையுடன் அசையாது நிற்கும் சுமைதூக்குபவர், இயற்பியலின்படி அம்மூட்டையின்மீது 'வேலை' எதுவும் செய்யவில்லை. வேலை என்ற சொல்லின் வழக்குப் பொருளையும் துறைப் பொருளையும் பிரித்துக் காட்டாத பாடம் மாணவருக்கு வெறும் புதிர். தாராவித் தமிழ் மாணவருக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, சுற்றிலும் மராத்தி, மேற்படிப்பில் ஆங்கிலம் என்றாகும்போது அப்புதிர் பன்மடங்காகிறது. ஓலேப்ஸ் ஆங்கிலத்துடன் இந்தி, மராத்தி, மலையாளம் ஆகியவற்றிலும் வந்தது இவ்வகையில் முக்கியமான முன்னேற்றமே.

எனினும் பாடத்தின் உரையை மொழிபெயர்ப்பது ஒருபாதியே. மாணவர் தாம் கண்டதைத் தம் சொல்லில் கூறவும், வந்த விடையை ஐயுற்று வினவவும் இடம் வேண்டும். திரையில் கண்ட ஊசலை, நூலும் கல்லும் கொண்டு வகுப்பறையில் ஒருமுறை தொங்கவிட்டு ஒப்பிட்டால் அதற்கு வழி பிறக்கும். கருவியின் தொலைவை இணையம் குறைத்திருக்கிறது. சொல்லின் தொலைவைக் குறைக்கும் பொறுப்பு இன்னும் ஆசிரியரிடமும் பாடநூல் எழுதுவோரிடமுமே இருக்கிறது.