முன்பணமும் மதிப்பெண்ணும்: கூலித் தொகுப்பின் பின்னுள்ள நீண்ட வரலாறு

குறைந்த விலையில் காணொளித் தொகுப்புப் பணியை வாங்கவும் விற்கவும் உதவும் இணையச் சந்தைகளைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, இவை முன்னுதாரணம் இல்லாதவை. மற்றொன்று, இவற்றின் ஒரே குறை சொற்பக் கூலி. பிச்சாட்டூர் வட்டாரத்திலிருந்து நோக்கினால் இவ்விரண்டுமே மறு ஆய்வுக்குரியவை.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்த ஊர் பிச்சாட்டூர். 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பிச்சாட்டூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. இவ்வட்டாரத்தின் புத்தூர், நகரிப் பகுதிகள் நெசவுக்குப் பெயர்பெற்றவை. பிறர் தரும் நூலைப் பெற்று, தன் வீட்டுத் தறியில் நெய்து, எண்ணிக்கைக்குக் கூலி பெறும் முறை இங்கு நன்கு அறியப்பட்டதே. மூலப்பொருள் வேறொருவருடையது, கருவியும் உழைப்பும் தம்முடையவை. கோப்புகளை வாங்கித் தம் கணினியில் தொகுத்து அனுப்பும் இன்றைய இளைஞரின் நிலையும் வடிவத்தில் இதுவே.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி 2001இல் வெளிவந்த தம் நூலில் பிரசன்னன் பார்த்தசாரதி கவனப்படுத்தும் செய்தி இங்குப் பொருந்துவது. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் அளித்தார். வேறிடத்தில் நல்ல விலை கிடைத்தால் நெசவாளர் அம்முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஒப்பந்தத்தினின்று விலகலாம். வணிகருக்கோ அவ்வுரிமை இல்லை. நெசவாளரின் பேரவலிமை இந்த விலகும் உரிமையில்தான் இருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அரசதிகாரத்தைக் கொண்டு முறித்ததும் இதைத்தான்.

திரைப்படத் தொகுப்பின் வரலாறு வேறு வழியில் சென்றது. கோடம்பாக்கத்தில் மூவியோலாவும் ஸ்டீன்பெக்கும் விலைமிக்க எந்திரங்கள். அவை இருந்த இடத்திற்கே தொழிலாளர் செல்ல வேண்டியிருந்தது. உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்பதும், சங்க உறுப்பினராவதும் நுழைவாயிலாக இருந்தன. அவ்வாயில் பலரை வெளியே நிறுத்தியது. உள்ளே வந்தவர்க்கு ஊதிய வரம்பை உறுதி செய்தது. 1994இல் வெளியான ‘மகாநதி’ ஆவிட் கணினித் தொகுப்பைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகக் குறிக்கப்படுகிறது. பின்னர் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் இலவசப் பதிப்பாகவே கிடைத்தன. 2016இல் ஜியோவின் வருகை இணையச் செலவைக் குறைத்தது. எந்திரம் வீட்டிற்கு வந்தது. சங்கம் உடன் வரவில்லை.

அந்த வெற்றிடத்தில் சந்தைகள் அமைந்தன. ஈலான்ஸ், ஓடெஸ்க் ஆகிய இரண்டும் இணைந்து 2015இல் அப்வொர்க் ஆயின. 2010இல் தொடங்கிய ஃபைவர், 5 டாலர் என்னும் விலையையே தன் பெயராக்கிக்கொண்டது. அதில் 1 டாலர் நிறுவனத்தின் தரகு. 4 டாலர் உழைத்தவர்க்கு. பணி முடிந்த பின்னரும் சாதாரண விற்பனையாளரின் தொகை 14 நாள் நிறுவனத்திடமே நிற்கும். முன்பணம் இங்குத் தலைகீழாயிற்று: வாடிக்கையாளர் முன்னதாகவே செலுத்துகிறார், ஆனால் அது உழைப்பவர் கைக்கு வருவதில்லை. இணையவழிப் பணியாளரின் சராசரி மணிநேர வருவாய், ஊதியமற்ற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3.4 டாலர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

எனினும் தொகையைவிட ஆழமான சிக்கல் மதிப்பெண்ணில் உள்ளது. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த நட்சத்திரங்களும் பாராட்டுரைகளும் ஒரு தளத்தின் கணக்கிலேயே தங்கிவிடுகின்றன. மற்றொரு தளத்திற்குச் செல்பவர் புதியவராகவே நுழைகிறார். மீண்டும் அடிமட்ட விலையிலிருந்தே தொடங்குகிறார். விலகத் தடையேதும் இல்லை. விலகினால் பெயர் உடன் வருவதில்லை. கம்பெனி ஆணையிட்டுச் செய்ததை இங்கு ஒரு கணக்குப் பக்கம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இத்தகைய பணியாளரை வரையறுக்கிறது. அதன் ஏழாம் அட்டவணை ஊடக உள்ளடக்கச் சேவையையும் குறிப்பிடுகிறது. காப்பீடு, உடல்நலம், முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றிற்கு நிறுவனங்கள் நிதியளிக்க வேண்டும் என்பது வரவேற்கத்தக்கது. ஆனால் ஈட்டிய நற்பெயரை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையை அது பேசவில்லை.

கூலியின் வரலாற்றை எழுதும் மாணவர்கள் விலைப்பட்டியலோடு நின்றுவிடுகிறோம். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு, வேண்டாம் என்று சொல்ல எவருக்கு இயன்றது என்பதையும் கேட்க வேண்டும். தறியின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் அந்தக் கேள்வி, கணினித் திரையின் முன்னும் அப்படியே நிற்கிறது.